இருளில் நின்று கதை சொன்னவர்

பணி ஓய்வுக்குப் பிறகு, சிதம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேடையில் மாலை வேளைகளில் சிறிது நேரம் அமர்ந்திருப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அண்மையில் ஒரு நாள் பேரனும் உடன் வந்திருந்தான். கைப்பேசியில் ஒரு திரைப்படச் செயலியைத் திறந்து, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தான். நூற்றுக்கணக்கான படங்கள் வரிசையாக வந்து போயின. அவனுக்குப் பிடிக்கும் என்று இயந்திரம் கருதியவை அவை. அரை மணி நேரம் கழித்து, எதையும் பாராமலேயே கைப்பேசியை மூடிவிட்டான். படங்களுக்குப் பஞ்சமில்லை; இதைப் பார், இதற்காகப் பார் என்று சொல்ல ஒரு மனிதர்தான் அவனுக்கு இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அப்படிச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட மனிதர்கள் உலகெங்கும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1950-களில் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் பின்னிரவில் பழைய படங்களைக் காட்டின. புதிய படங்களைத் தொலைக்காட்சிக்குத் தரப் பெரிய நிறுவனங்கள் தயங்கிய காலம் அது. கிடைத்த பழைய படங்களைச் சுவையாக்க, ஓர் ஆளைப் படத்துக்கு முன்னும் இடையிலும் தோன்றிப் பேசச் செய்தார்கள். 1954-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மைலா நூர்மி என்ற நடிகை 'வாம்பைரா' என்ற வேடத்தில் தோன்றினார். 1957-இல் யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய படங்கள் 52, ஒரே தொகுப்பாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டபோது, ஊருக்கு ஒருவராக இத்தகைய அறிமுகவாளர்கள் முளைத்தார்கள். படங்கள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அவற்றை அறிமுகம் செய்த ஆள் மட்டும் அந்தந்த ஊருக்கே உரியவர். படத்தின் பெயரை மறந்துவிட்டவர்கள்கூட அவரை மறக்கவில்லை.

நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு அத்தகைய உள்ளூர் மரபு வாய்க்கவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. அதில் ஞாயிறு மாலைப் படத்துக்கு முன்பு தோன்றிய அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரைச் சொல்லிப் புன்னகைத்து விலகினார்கள், அவ்வளவே. ஆயினும், படத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே நின்று பேசும் மனிதர் தமிழ் மண்ணுக்குப் புதியவரல்லர். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அரை நூற்றாண்டு முன்பே, இரவில், இருளில், ஊர்தோறும் அந்தப் பணியைத் தொடங்கி வைத்த ஒருவர் இங்கே வாழ்ந்தார். கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பது அவர் பெயர். இன்றைய இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று எண்ணும்போதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். எளிய கிறித்தவக் குடும்பம். இளமையிலேயே தென்னிந்திய ரயில்வேயில் வேலை கிடைத்தது. திருச்சிராப்பள்ளியில் எழுத்தர் பணி. மாதச் சம்பளம் 25 ரூபாய். அக்காலத்தில் வெள்ளையர் நிறுவனத்தில் ரயில்வே வேலை என்பது சாதாரணமானதன்று. ஊரில் மதிப்பு, மாதம் பிறந்தால் சம்பளம், வயது போனால் பாதுகாப்பு என எல்லாவற்றையும் தரும் வேலை அது. அதை விட்டுவிடுபவரை உற்றார் உறவினர் பித்தர் என்றே சொல்லியிருப்பர்.

1905-ஆம் ஆண்டு, தூபோன் என்ற பிரெஞ்சுக்காரர் அசையும் படங்களைக் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். பாரிஸ் நகரில் லூமியே சகோதரர்கள் 1895 டிசம்பர் 28-இல் தங்கள் கருவியைக் கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குக் காட்டிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. 1896 ஜூலை 7-ஆம் நாளிலேயே பம்பாய் வாட்சன் ஓட்டலில் அந்தக் காட்சி நடந்துவிட்டது. ஆனால், பெருநகரங்களைத் தாண்டிய ஊர்களில் அது இன்னும் மாயமாகவே இருந்தது. தூபோனிடம் ஒரு படக்கருவியும் சில படச் சுருள்களும் இருந்தன. அவற்றுள் முதன்மையானது இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படம். வந்த இடத்தில் தூபோனின் உடல்நலம் கெட்டது. கருவியையும் படங்களையும் விற்றுவிட்டு நாடு திரும்ப அவர் விரும்பினார்.

அவற்றை 2,250 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார் 22 வயது ரயில்வே எழுத்தர். மாதம் 25 ரூபாய் சம்பாதிப்பவருக்கு அது ஏழரை ஆண்டுச் சம்பளம். உண்ணாமலும் உடுத்தாமலும் ஏழரை ஆண்டுகள் சேர்த்தால்தான் அந்தத் தொகை கைக்கு வரும். பணத்தைத் திரட்டினார், கருவியை இயக்கக் கற்றார், வேலையை விட்டார். திருச்சியிலேயே தம் முதல் காட்சிகளை நடத்தினார். பிறகு பெட்டிகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அந்தப் பயணத்தின் இயல்பை இன்றைய வாசகர் உணர வேண்டுமானால், அன்றைய தொழிலின் நடைமுறையைச் சிறிது விளக்க வேண்டும். அப்போது படங்களை வாடகைக்கு எடுக்கும் ஏற்பாடு நம் நாட்டில் வேரூன்றவில்லை. படச் சுருளை விலை கொடுத்தே வாங்க வேண்டும். கையில் இருப்பதோ சில படங்கள். ஓர் ஊரில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ காட்டினால், பார்க்க விரும்பியவர்கள் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். அதன்பின் புதிய படம் வேண்டும். அல்லது புதிய பார்வையாளர்கள் வேண்டும். படத்தை மாற்ற வசதியில்லாதவர் ஊரை மாற்றித்தான் ஆக வேண்டும். நாடோடித் திரைப்படக்காரர் என்ற தொழில் பிறந்தது ஊர்சுற்றும் ஆசையினால் மட்டுமன்று, இந்தக் கணக்கினாலும்தான்.

மின்சாரம் இல்லாத ஊர்களே எங்கும். வாயுவைச் சுண்ணாம்புக் கட்டியின் மீது எரியவிட்டுப் பெறும் கூசும் வெண்ணிற ஒளியைக் கொண்டே அக்கால ஊர்சுற்றிகள் பலரும் படம் காட்டினார்கள். கருவியைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றும் வேகம் குறைந்தால் திரையில் மனிதர் தள்ளாடுவர், கூடினால் துள்ளுவர். படச் சுருளோ எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. பாரிஸில் 1897-இல் ஓர் அறக்கட்டளைச் சந்தையில் படக்கருவியின் விளக்கிலிருந்து எழுந்த தீயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். கூடாரத் துணி, எரிவாயு, தீப்பற்றும் சுருள், நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் மக்கள் ஆகிய அனைத்தையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு இரவுதோறும் வேலை செய்த மனிதரின் நெஞ்சுரத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. படம் பேசாது. திரையில் தோன்றும் எழுத்துகள் பெரும்பாலும் அயல்மொழி. கூடாரத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே, திரைக்கருகே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லும் வழக்கம் தமிழகத்தில் உருவாயிற்று. இவர் யார், இவருக்கு ஏன் கோபம், அடுத்து வரப்போவது என்ன என்று அவர் விளக்குவார். கருவி ஒன்றே ஒன்றுதான் என்பதால், சுருள் மாற்றும்போது திரை இருண்டுவிடும். அந்த இடைவெளியைப் பேச்சாலும் பாட்டாலும் வேடிக்கையாலும் நிரப்புவார்கள். கூட்டம் கலைந்துவிடாமல் காப்பது பாதி, கதையில் ஒன்றவைப்பது பாதி. பிற்காலத் தொலைக்காட்சியின் பின்னிரவு அறிமுகவாளர் செய்ததும் ஏறத்தாழ இதையேதான்.

கடலூர் மாவட்டத்துக்காரனாகிய எனக்கு இதில் வியப்பில்லை. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் விடிய விடியக் களத்தில் நிற்பவர் கட்டியங்காரன். அரசன் வருவதை அறிவிப்பவர் அவரே. அரசனைக் கேலி செய்பவரும் அவரே. பாரதக் கதைக்கும் பாயில் உட்கார்ந்திருக்கும் குடியானவருக்கும் நடுவே நின்று, இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர். கட்டியங்காரன் இல்லாத கூத்தை எங்கள் மக்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஆதலால், பேசாப் படம் இங்கே வந்தபோது அதன் பக்கத்தில் ஒரு பேசும் மனிதர் நின்றது அவர்களுக்கு இயல்பாகவே இருந்திருக்கும். ஜப்பானிலும் இதே நிலை இருந்தது. அங்கே 'பென்ஷி' எனப்பட்ட கதை சொல்லிகள் நட்சத்திரங்களுக்கு இணையான புகழ் பெற்றிருந்தனர். ஏற்கெனவே வலுவான கதைசொல் மரபு இருந்த நாடுகளில் இந்தத் தொழில் செழித்தது என்பது கவனிக்கத்தக்கது.

வின்சென்ட் தெற்கே தொடங்கி வடக்கே லாகூர், பெஷாவர் வரை சென்றார். கடல் கடந்து ரங்கூனுக்கும் போனார். கோயம்புத்தூர் கிறித்தவர் ஒருவர், பிரெஞ்சு நாட்டுப் படத்தை, பஞ்சாபிலும் எல்லைப்புற மாகாணத்திலும் பர்மாவிலும் காட்டிக்கொண்டு போனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பு ஏற்படுகிறது. ரயில்வே எழுத்தராக இருந்த அனுபவம் அவருக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்றும் எண்ணுவேன். எந்த வண்டி எங்கே நிற்கும், சரக்குக் கட்டணம் என்ன, எந்தச் சந்திப்பில் மாற வேண்டும் என்பதெல்லாம் அறிந்தவர். தாம் விட்டுவந்த வேலையின் அறிவைக்கொண்டே தாம் தேடிய வேலையைச் செய்தார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இங்கேதான் எங்கள் ஊர் நடைமேடை என் நினைவுக்கு வருகிறது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் குறுக்குப் பாதை 1920-களின் இறுதியில்தான் முழுமை பெற்றது. அதற்கு முன், திருச்சியிலிருந்து சென்னைக்குத் தென்னிந்திய ரயில்வேயின் வழக்கமான பாதை தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், சிதம்பரம், கடலூர் என்று வளைந்து சென்றது. கொள்ளிடம் பாலத்தைக் கடந்து வரும் வண்டிகள் இங்கே நின்றுதான் புறப்பட்டன. திருச்சியில் தொழில் தொடங்கிய அந்த இளைஞரின் பெட்டிகள் சென்னை நோக்கிச் சென்ற நாளில், பெரும்பாலும் இந்த நிலையத்தைக் கடந்தே சென்றிருக்கும். ஆடல்வல்லானின் ஊரில் சில நிமிடங்கள் நின்ற சரக்குப் பெட்டியில், அசைந்தாடும் நிழல்கள் சுருண்டு கிடந்திருக்கும். இது என் ஊகமே. ஆயினும், அந்த ஊகம் இந்த நடைமேடையை எனக்கு வேறொன்றாக்கிவிட்டது.

1909-இல் அவர் சென்னை எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் அமைத்தார். 'எடிசன்ஸ் கிராண்ட் சினிமாமெகாபோன்' என்று அதற்குப் பெயர் சூட்டினார். பெயரிலேயே வித்தைக்காரரின் ஆரவாரம் தெரிகிறது. படத்தோடு ஒலியையும் சேர்க்க ஒலிபெருக்கும் குழாயைப் பயன்படுத்திய முயற்சி அது. படம் பேச வேண்டும் என்ற ஆசை, பேசும்படம் வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே அவருக்கு இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ அதே காலத்தில் பம்பாயில் மற்றொருவர் இயேசுநாதரின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்தார். அவர் பெயர் தாதாசாகேப் பால்கே. அப்படத்தைப் பார்த்த கணத்தில் நம் புராணக் கதைகளையும் இவ்வாறு திரையில் காண வேண்டும் என்ற வேட்கை அவருக்குப் பிறந்தது. அதன் விளைவாக 1913-இல் ராஜா ஹரிச்சந்திரா வெளிவந்தது. ஒரே பொருளைக் கொண்ட படங்கள் ஒருவரைப் படம் காட்டுபவராகவும் மற்றொருவரைப் படம் எடுப்பவராகவும் ஆக்கின. எடுத்தவரை இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்று நாடு போற்றுகிறது. அவர் பெயரில் உயரிய விருது வழங்குகிறது. காட்டியவர் ஒரு சாலையின் பெயர்க் காரணத்துக்குள் ஒடுங்கிவிட்டார்.

அந்தச் சாலை கோயம்புத்தூரில் இருக்கிறது. படங்களை வாடகைக்குப் பெறும் ஏற்பாடு பரவத் தொடங்கிய பின், ஊரை மாற்றாமல் படத்தை மாற்றுவது சாத்தியமாயிற்று. ஊர்சுற்றிய வின்சென்ட், 1914-இல் பிறந்த ஊரிலேயே 'வெரைட்டி ஹால்' என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார். தென்னிந்தியாவின் முதல் திரையரங்கு எது என்பதில் வழக்கு உண்டு. சென்னையில் வார்விக் மேஜர் நடத்திய எலெக்ட்ரிக் தியேட்டரும், ரகுபதி வெங்கய்யாவின் கெயிட்டியும் அதே காலத்தவை. நம்மவர் ஒருவர் சென்னைக்கு வெளியே எழுப்பிய முன்னோடி அரங்கு வெரைட்டி ஹால் என்பதில் ஐயமில்லை. எது முதல் என்ற வழக்கைவிட, நாடோடியாக இருந்த ஒருவர் தம் ஊருக்குத் திரும்பி வந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அரங்குக்கு மின்சாரம் வேண்டும். கோயம்புத்தூருக்குப் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது 1930-களின் தொடக்கத்தில்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, படம் காட்டுவதற்காக வின்சென்ட் தாமே மின்னாக்கி வைத்து இயக்கினார். இரவில் மட்டும் பயன்பட்ட இயந்திரத்தைப் பகலில் சும்மா விட அவருக்கு மனமில்லை. அதே மின்சாரத்தால் அச்சகம் ஓட்டினார். மாவரைக்கும் ஆலை நடத்தினார். பஞ்சாலை நகரமாகக் கோவை வளர்வதற்கு முன்னரே, அவ்வூர் மக்களில் பலர் மின்விளக்கை முதன்முதலாகக் கண்டது அவருடைய அரங்கில்தான். திரைப்படத்தைப் பயனற்ற கேளிக்கை என்று இகழ்ந்தவர்கள் அன்றும் இருந்தார்கள். அந்தக் கேளிக்கையின் பக்க விளைவாக ஓர் ஊருக்கு ஒளியும் அச்சும் வந்து சேர்ந்ததை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

1931 அக்டோபரில் காளிதாஸ் வெளியானது. தமிழ் பேசும் படம் வந்துவிட்டது. அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி. காலத்தின் போக்கை அறிந்த வின்சென்ட், கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்துடன் சேர்ந்து படத் தயாரிப்பில் இறங்கினார். பி.வி. ராவ் இயக்கத்தில், ராஜலட்சுமி வள்ளியாக நடித்த வள்ளி திருமணம் 1933-இல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. பிரெஞ்சுப் படத்தோடு பயணத்தைத் தொடங்கியவர், 28 ஆண்டுகளுக்குப் பிறகு முருகன் கதையைத் தமிழில் பேசவும் பாடவும் செய்து திரையில் காட்டினார். கிறித்தவரான அவருக்கு அதில் முரண் எதுவும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பெரும்பாலும் இந்துக்களாலான கூட்டத்துக்கு இயேசுவின் பாடுகளைக் காட்டியபோது அந்த மக்கள் கண்ணீர் விட்டுப் பார்த்தார்கள் அல்லவா? கதை எந்தச் சமயத்துடையது என்பது கூடாரத்தின் இருளில் முதன்மையான வினாவாக இருக்கவில்லை. இன்று ஒரு படத்தின் பெயரைக் கேட்டதுமே அணி பிரியும் நாம் இதைச் சற்று நின்று எண்ணலாம்.

ஆனால், இந்த வெற்றிக்குள் ஓர் இழப்பும் ஒளிந்திருந்தது. படம் தானே பேசத் தொடங்கியதும், பக்கத்தில் நின்று பேசியவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஜப்பானில் இந்த மாற்றம் துயரமான வடிவம் எடுத்தது. புகழ்பெற்ற இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணன் ஹெய்கோ ஒரு கதை சொல்லி. பேசும்படத்தை எதிர்த்த போராட்டத்தில் முன்னின்று தோற்றார். 1933-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வள்ளி திருமணம் வெளியான அதே ஆண்டு அது. நம் நாட்டுக் கதை சொல்லிகள் என்ன ஆனார்கள்? நாடகத்துக்குத் திரும்பினார்களா, வயலுக்குப் போனார்களா, பசித்திருந்தார்களா? அவர்களின் பெயர்களைக்கூட நாம் எழுதி வைக்கவில்லை. இருளில் நின்றவர்கள் இருளிலேயே கரைந்துபோனார்கள். படம் பேச வேண்டும் என்று முன்பே ஆசைப்பட்டவரே அவர்களின் முன்னோடியாகவும் இருந்தார் என்பதைக் காலத்தின் விந்தை என்றுதான் சொல்ல வேண்டும். இதற்காக வின்சென்ட்டைக் குறை கூறுவதற்கில்லை; ஆனால், அவர் வாழ்வைப் போற்றும்போது இதையும் மறைப்பதற்கில்லை.

கோயம்புத்தூர் திரைப்பட நகரமாக வளர்ந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1930-களில் அங்கே எழுந்த சென்ட்ரல் ஸ்டுடியோஸ் நிறுவனத்தின் தொடக்கத்தில் அவர் இணைந்திருந்தார். 1942-இல், 59-ஆம் வயதில் மறைந்தார். அவர் கட்டிய அரங்கு பிற்காலத்தில் 'டிலைட்' என்ற பெயரில் இயங்கிவந்தது. தெருவுக்கு வெரைட்டி ஹால் சாலை என்ற பெயர் நிலைத்தது. அண்மைக் காலத்தில் அந்தக் கட்டடமும் இடிக்கப்பட்டுவிட்டது. தெருப்பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இனி என் ஊர்க் கதைக்கு வருகிறேன். என் சிறுவயதில், சிதம்பரத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் கூடாரக் கொட்டகை ஒன்று இருந்தது. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்ப்போம். பகலில் மாட்டு வண்டியின் இருபுறமும் படத் தட்டியைக் கட்டிக்கொண்டு, பறையடித்து, ஒருவர் ஊர் ஊராக வருவார். படத்தின் பெயரை மட்டும் அவர் சொல்ல மாட்டார். கதையில் பாதியைச் சொல்லி, மீதியை மாலை வந்து பார்க்கச் சொல்வார். எந்தப் படத்துக்குப் பெண்கள் கைக்குட்டை கொண்டுவர வேண்டும், எந்தப் படத்துக்குச் சிறுவர்களை அழைத்து வரக் கூடாது என்பதையும் அவரே அறிவிப்பார். மாலையில் அவரே நுழைவாயிலில் சீட்டுக் கிழிப்பார். படம் அறுந்து கூச்சல் எழும்போது, திரைக்கு முன்னால் வந்து நின்று பேசிச் சமாளிப்பவரும் அவர்தான். காசு போதாமல் வெளியே நின்ற என்னை ஒருமுறை அவர் உள்ளே தள்ளிவிட்டார். நான் பார்த்த முதல் திரைப்படம் அதுதான்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கொட்டகைக்காரர் என்றே ஊர் அழைத்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கிராமத்துக்குச் சென்று விசாரித்தேன். கொட்டகை இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. முதியவர்கள் அவருடைய குரலை நினைவுகூர்ந்தார்கள். ஒருவர் அதேபோலப் பேசியும் காட்டினார். பெயரை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. அன்று பேருந்தில் திரும்பும்போது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இன்றும் மறக்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் நான் பார்த்து மகிழ்ந்த ஒரு கலையின் வாசலைத் திறந்துவிட்டவர் யார் என்று நான் கேட்டுக்கூட வைக்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய நாளில் எனக்கு நடிகர்களின் பெயர்கள்தாம் முக்கியமாக இருந்தன.

நம் திரைப்பட வரலாறே என்னைப் போலத்தான் நடந்துகொண்டிருக்கிறது. நடித்தவர், எடுத்தவர், பாடியவர், எழுதியவர் என எல்லாருக்கும் நூல்கள் உண்டு, சிலைகள் உண்டு, நூற்றாண்டு விழாக்கள் உண்டு. அந்தப் படத்தைச் சுமந்து சென்று, விளக்கேற்றி, இது இன்ன கதை என்று சொல்லி, ஒரு சமூகத்தைத் திரைமுன் உட்காரவைத்தவர்களுக்கு ஓர் ஏடு இல்லை. தமிழ்நாட்டின் அரசியலையும் சமூக வாழ்வையும் திரைப்படம் எவ்வளவு மாற்றியது என்று ஓயாமல் பேசுகிறோம். நகரத்து அரங்கைக் காணாத கோடிக்கணக்கானவர்களிடம் அதைக் கொண்டு சேர்த்தவர்கள் இந்தக் கொட்டகைக்காரர்கள் அல்லவா?

இதைச் சரிசெய்யக் காலம் முற்றிலும் கடந்துவிடவில்லை. திரையரங்குகளுக்கும் சுற்றுக் கொட்டகைகளுக்கும் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவட்ட நிர்வாகமே உரிமம் வழங்கிவந்தது. கூடாரக் கொட்டகைகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே உரிமம் என்பதால், திரும்பத் திரும்ப விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டிருக்கும். எங்கள் பகுதி தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த காலத்துக் கோப்புகளில் எஞ்சியவை எவையோ, அவற்றைத் தேடலாம். எங்கள் ஊரிலேயே பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. வரலாறும் தமிழும் பயிலும் மாணவர்கள், ஆளுக்கொரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, எழுபது எண்பது வயதுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினால், ஒரே ஆண்டில் ஒரு மாவட்டத்தின் கொட்டகை வரலாறு கிடைத்துவிடும். கோயம்புத்தூரிலோ, கட்டடம் போனாலும் அந்த இடத்தில் ஒரு கல்வெட்டு வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. திரைத்துறைக்கு ஆண்டுதோறும் அரசு வழங்கும் விருதுகளில் ஒன்றை, படம் காட்டுபவர் ஒருவருக்காக, வின்சென்ட் பெயரில் நிறுவலாம். சிற்றூர்களில் நட்டத்தையும் தாங்கிக்கொண்டு இன்னும் அரங்கு நடத்துபவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஊக்கமாக அமையும்.

அன்று நடைமேடையில், கைப்பேசியை மூடிய பேரனிடம் நான் வின்சென்ட்டின் கதையைச் சொன்னேன். ஏழரை ஆண்டுச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு பெட்டியை வாங்கியவரைப் பற்றிக் கேட்டதும், அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தப் பெட்டி இந்த வழியாகப் போயிருக்குமா என்று கேட்டான். போயிருக்கலாம் என்றேன். வீட்டுக்குத் திரும்பிய பின், எனக்குப் பிடித்த ஒரு பழைய படத்தைத் தேடி எடுத்து, ஏன் அதைப் பார்க்க வேண்டும் என்று ஐந்து நிமிடம் அவனுக்கு விளக்கிவிட்டு விளக்கை அணைத்தேன். இடையிடையே அவன் கேட்டவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். படம் முடியும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.